மரக்காணம் போகும் வழியெல்லாம் ஜெனி

1

எங்கள் தெருவில் மறுபடியும் தோரணம் கட்டிவிட்டார்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்னக் கடலோர ஊர் இது. வருடம் முழுக்க மழையைப் பற்றியே பேசும் இந்த ஊர்க்காரர்கள் கோடையில் ஒரு வார இறுதியில் மட்டும் தலைகால் புரியாமல் ஆடுவார்கள். நாட்டுப்புற இசை விழா. மீன் கடை வாசல், சலூன் வாசல், தபால் ஆபீஸ் வாசல் என்று எங்கே பார்த்தாலும் யாராவது வயலினோ குழலோ வாசித்துக்கொண்டிருப்பார்கள். மழை வந்தால் பக்கத்தில் நிற்பவர் குடை பிடிப்பார், வாசிப்பு நிற்காது.

போன வருடம் நின்றது. என் மகள் ஜெனியின் வாசிப்புதான். சின்னவர்களுக்கென்று போட்ட மேடையில் தன்னந்தனியாக ஏறினாள். பாதி மெட்டு வரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு வில் அப்படியே நின்றுவிட்டது. அவள் எங்களைப் பார்த்தாள், நாங்கள் அவளைப் பார்த்தோம், "ஸாரி" என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். கூட்டம் கைதட்டியது. இந்த ஊர்க்காரர்களுக்கு நல்ல மனசு. அந்தக் கைதட்டல்தான் அவளால் தாங்க முடியவில்லை. "பாவம்னு தட்டறாங்கம்மா" என்று காரில் ஏறியதும் அழுதாள். அன்றைக்கே வயலின் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வயது பதினைந்து. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இதுதான் எங்கள் வீட்டு வழக்கம் (இங்கே அவள் பேச்சைத் தமிழாக்கி எழுதுவது நான்). வயலினை விட்டபிறகு ஆங்கிலமும் குறைந்துபோய்த் தோளைக் குலுக்குவதே பதில் என்றாகிவிட்டது.

எனக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை இழுத்துப் பிடியுங்கள், இப்போது விடுங்கள்" என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். வந்த புதிதில் பதற்றத்தில் "விடுங்கள்" என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு பெரியவர் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்து, பள்ளிக்கூடப் பையனைப் போல விரலைத் தூக்கி அனுமதி கேட்டார். ஜெனி விஷயத்தில் என் கதையும் அதுதான். மேடையடியில் பிடித்த மூச்சு, மாதக்கணக்கில் விடாமலே நடமாடிக்கொண்டிருந்தேன்.

2

ஜனவரியில் விடுமுறை கிடைத்தது. கணவருக்குக் கிடைக்கவில்லை. நானும் ஜெனியும் கிளம்பினோம். பெட்டி கட்டும்போது வயலினையும் எடுத்து வைத்தேன்.

"எதுக்கு?" என்றாள்.

"அப்பா ஹீட்டரே போட மாட்டார். ஈரத்தில மரம் கெட்டுப் போயிடும்."

அவளுக்குத் தெரியும் இது சாக்கு என்று. தோளைக் குலுக்கினாள். ஆனால் எடுத்து வெளியே வைக்கவில்லை.

சென்னை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். புதுசா, பழசா, விற்பதற்கா என்று கேட்டார். சொந்த உபயோகத்துக்கு என்றேன். "அப்ப கொஞ்சம் வாசிங்களேன்" என்றார் சிரித்துக்கொண்டே. ஜெனி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். "அவளுக்கு ஜெட்லாக்" என்று சமாளித்தேன். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்தப் பயணத்தில் யாரும் தன்னை வாசிக்கச் சொல்லக் கூடாது. மேடை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. நான் மாதா சத்தியமாகச் சொன்னேன்.

சொல்லும்போது என் அண்ணனை மறந்துவிட்டேன்.

3

புகுந்த வீடு விழுப்புரம், பிறந்த வீடு திண்டிவனம். முதலில் விழுப்புரத்தில் மாமியார் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு, பிறகு அண்ணன் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. நேராக மரக்காணம் போகலாம், கடற்கரையில் பாட்டு, பறை, கூத்து என்று ஒரு விழா வைத்திருக்கிறார்கள், பாப்பா பார்க்கட்டும் என்று போனில் சொல்லியிருந்தான். பார்க்கத்தானே என்று நானும் சரி என்றேன்.

அண்ணன் பெயர் செபாஸ்டின். திண்டிவனத்தில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கடையில்தான். சாராயக் கடைக்காரன் குடிக்காமல் இருந்துவிடலாம். ஃப்ளெக்ஸ் கடைக்காரனால் சொந்தக்காரர்களுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்காமல் இருக்கவே முடியாது.

கார் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது ஜெனி, "அம்மா, அது நானா?" என்றாள்.

அவள்தான். இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தாள். அதுவும் இப்போதைய ஜெனி இல்லை. எட்டு வயதில் சர்ச்சில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது எடுத்த படம். வெள்ளை கவுன், தலையில் முக்காடு, முன்பல் ஒன்று இல்லை. அன்றைக்குக் கையில் பிடித்திருந்த மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு அங்கே ஒரு வயலினை ஒட்டியிருந்தார்கள். 'அயர்லாந்து வாழ் தமிழ்ச்செல்வி ஜெனி அவர்களே வருக! மரக்காணம் இசை விழாவில் வயலின் மழை பொழிக!' கீழே வரிசையாகச் சொந்தக்காரர்களின் தலைகள். எல்லாரிலும் பெரிய தலை அண்ணனுடையது. கறுப்புக் கண்ணாடி, காதில் செல்போன், 'தாய்மாமன்' என்று பெயருக்கு மேலே பட்டம்.

"இன்னா பாப்பா, எப்பிடி?" என்றான் அண்ணன், கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டு. "உங்கம்மா அனுப்புன போட்டோலயே அதான் சூப்பரு. மத்ததெல்லாம் பெருசு பண்ணா ஒடஞ்சிபோவுது."

"அண்ணா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"இரு, விக்கிரவாண்டில ஒண்ணு கீது, அதப் பாத்துட்டுப் பேசு."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு முன்னால், பரோட்டாக் கடையை முழுசாக மறைத்துக்கொண்டு அடுத்தது. 'ஐரோப்பாவின் இசை இளவரசியே!' ஒரு ஊர் தாண்டுவதற்குள் அயர்லாந்து ஐரோப்பாவாகிவிட்டது. லாரிக்காரர்கள் அதன் நிழலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்கள். ஜெனி சீட்டில் சரிந்து, தலை வெளியே தெரியாமல் படுத்துக்கொண்டாள். முன்சீட்டிலிருந்த என் துப்பட்டாவை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு அழுவது எனக்கு மட்டும் கேட்டது.

எனக்கு வந்த கோபத்தில் சுங்கச்சாவடி வரிசையிலேயே அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். போன வருடம் மேடையில் நின்றுபோனது, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பெட்டி, விமான நிலையத்துச் சத்தியம் எல்லாம். சமையல்கட்டில் அவள் வாசித்த வீடியோவைத்தானே அவன் பார்த்திருக்கிறான். மற்றதை நான் போனில் சொன்னதே இல்லை.

அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முழித்தான். அவனை அப்படிப் பார்ப்பது அபூர்வம். பின்னால் ஹாரன் அடித்ததும்தான் வண்டியை எடுத்தான்.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது ஃப்ளெக்ஸ். 'உலகம் போற்றும் வயலின் பேரரசியே!' அண்ணன் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பத்தைப் பிடித்து ஏறி, கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். அவன் கடைப் பையன்கள் கட்டிய கட்டு. காற்றுக்கு அசையாதபடி முடிச்சின் மேல் முடிச்சு. நகம் உடைந்ததுதான் மிச்சம். அதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"யோவ், இன்னா பண்ற அங்க?"

"எங்கதுதான் சார். கழட்டிக்கினு இருக்கேன்."

"கட்டும்போது பர்மிஷன் வாங்குனியா?"

"இல்ல சார். அதான் கழட்டிடலாம்னு..."

"பர்மிஷன் இல்லாம கட்டனதே தப்பு. இப்ப பர்மிஷன் இல்லாம கழட்டறியா? எறங்குய்யா கீழ."

கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி அண்ணன் தன்னுடைய பெரிய தலைக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தான். ஃப்ளெக்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கம்பீரமாக ஒருத்தன், அதன் பக்கத்தில் வேர்த்து வழிந்து முழிக்கிற ஒருத்தன். பின்சீட்டிலிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பயந்து திரும்பினேன். ஜெனி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் காயாத முகத்தோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

4

பிரம்மதேசத்தைத் தாண்டும்போது நான்காவது வந்தது. 'அண்டசராசரமும் வியக்கும்' என்று தொடங்கியது. அதற்கு மேல் போக இடம் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். "சாரி பாப்பா" என்றான் அண்ணன். "நீ வண்டிலயே குந்திக்கோ. மாமா போய் பாப்பாக்கு ஜொரம்னு சொல்லிட்டு ஜல்தியா வந்துடறேன்."

உப்பளங்கள் தொடங்கின. வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், அப்பால் கடல். நான் இருக்கும் ஊரில் சூரியன் கடலுக்குள் விழும், எங்கள் பக்கத்தில் கடலிலிருந்து முளைக்கும். சாயங்காலமானதால் வெயில் எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, மணலில் போட்டிருந்த மேடையைப் பளிச்சென்று காட்டியது. பறை ஒரு பக்கம், பம்பை ஒரு பக்கம், நடுவில் சுண்டல்காரர்கள். வலை காயப்போட்டிருந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு மிச்ச இடத்தில் சனம் உட்கார்ந்திருந்தது.

கார் நின்றதும் விழாக் கமிட்டிப் பையன்கள் ஓடிவந்தார்கள். மாலையும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள், ஜெனியைப் பார்த்தார்கள்.

"அக்கா, கொழந்த எங்கக்கா?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. ஜெனிக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் தேடுவது வெள்ளை கவுன் போட்ட, முன்பல் இல்லாத எட்டு வயதுப் பிள்ளையை. நெட்டையாக ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிற இவளை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவள் மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. கூட்டத்துக்குள் நடந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் முழுக்கத் தன் முகம் தொங்க, அவள் யாரோ மாதிரி சுண்டல் வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு குஷியைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

சற்று நேரத்தில் மைக்கில் அறிவிப்பு வர ஆரம்பித்தது. "அயர்லாந்தில் இருந்து வருகை தந்துள்ள சிறுமி ஜெனி, வெள்ளை கவுன் அணிந்திருப்பார், எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்." காணாமல்போன பிள்ளையைத் தேடுவதுபோல் சனமும் தேட ஆரம்பித்தது. ஓர் அம்மா வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதா பாருங்க" என்றாள். அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. ஜெனியும் எழுந்து நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து ஜெனியைத் தேடினாள்.

அண்ணன் பாவம், கமிட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு "ஜொரம், வாந்தி" என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தான். கையில் ஆளுயர மாலை. சம்பங்கியும் ரோஜாவுமாக, தாய்மாமன் போடுவதற்கென்று திண்டிவனத்தில் சொல்லிக் கட்ட வைத்தது.

5

காருக்குள் சூடு தாங்காது என்று வயலின் பெட்டியை நான்தான் எடுத்துக்கொண்டு அலைந்தேன். தோள் வலித்ததும் ஜெனி வாங்கிக்கொண்டாள். மேடையின் பின்பக்கம் கூத்துக்காரர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். வேஷம் கட்டுகிறவர்கள் முகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்க, மேடையின் பின்னோரத்தில் போட்ட நீள பெஞ்சில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து சுருதி சேர்த்தார்கள். மிருதங்கம், தாளம், முகவீணை. முகவீணை என்பது நாயனம் போலவே, ஆனால் முழங்கையளவுகூட இருக்காது. ஆர்மோனியத்தில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். பெயர் தேவகி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஜெனி நின்று பார்த்ததைத் தேவகி பார்த்துவிட்டாள்.

"இன்னா பாப்பா அது பொட்டில?"

"வயலின்."

"வாசிப்பியா?"

"முன்னாடி வாசிப்பேன்" என்றாள் ஜெனி, தமிழிலேயே.

"முன்னாடின்னா? போன ஜென்மத்துலயா?"

ஜெனி சிரித்தாள். தேவகி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "ஏறிக் குந்து. பயப்படாத, இந்த பெஞ்சுல குந்தறவங்கள எவனும் பாக்க மாட்டான். வேஷங்கட்டனவனத்தான் பாப்பான். இத்தினி வருசமா வாசிச்சிக்கினு இருக்கேன், எங்க தெருக்காரனே ராவெல்லாம் எங்க போனன்னு கேக்கறான்."

நான் வாயைத் திறக்கவில்லை. மாதா சத்தியம். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஜெனி பெஞ்சைப் பார்த்தாள். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். எங்கள் அயர்லாந்து ஊரில் சாராயக் கடைகளில் வாசிக்கிறவர்கள் இப்படித்தான் ஒரு மேசையைச் சுற்றி, சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பார்கள். அவள் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்தாள்.

முதலில் மெதுவாகத்தான், ஆர்மோனியத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரி தொடங்கினாள். அந்த ஊர் மெட்டு. போன வருடம் பாதியில் நின்றதே, அதே மெட்டு. தேவகி இரண்டு சுற்றிலேயே பிடித்துக்கொண்டாள். மிருதங்கக்காரர் புருவத்தைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தார். முகவீணை மேலே ஏறிக் கத்தியது. கூத்து மெட்டென்று நினைத்து மைக் செட்காரர் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

மரக்காணம் கடற்கரை அதிர்ந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். பாதி மெட்டு வந்தது, போனது. அவள் நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கூத்து. அயர்லாந்து வழக்கப்படி, மெட்டைத் தொடங்கியவர்தான் முடிக்க வேண்டும். ஒரு காலைத் தூக்கிக் காட்டினால் கடைசிச் சுற்று என்று அர்த்தம். ஜெனி காலைத் தூக்கினாள். காலைத் தூக்கினால் வேகம் கூட்டச் சொல்கிறாள் என்று கூத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேகம் எகிறியது. இங்கே வழக்கப்படி, முடிப்பதற்கு மிருதங்கக்காரர் ஒரே சொற்கட்டை மூன்று முறை அடித்துத் தீர்மானம் வைப்பார். வைத்தார். பாராட்டி இன்னொரு சுற்றுக்கு அழைக்கிறார் என்று ஜெனி நினைத்தாள், பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கிளம்பினாள். அவர் தீர்மானம் வைக்க, இவள் காலைத் தூக்க, அவர்கள் வேகம் கூட்ட, யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை. வேஷம் கட்டியவர்கள் பொறுமை இழந்து அப்படியே குதித்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். முகவீணைக்காரர் கன்னம் உப்பிக் கண் பிதுங்கியது. தேவகி சிரித்துச் சிரித்துக் கட்டை மாற்றி அழுத்தினாள். போன வருடம் நடுவில் நின்றுபோன என் பெண் நிறுத்த வழி தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தாள், வாயெல்லாம் பல்லாக.

நான் அழுதேன், சிரித்தேன், கைப்பையைத் தட்டித் தாளம் போட்டேன். பிடித்த மூச்சை எப்போது விட்டேன் என்று தெரியாது.

கூட்டத்தின் அந்தக் கோடியில் அண்ணன் பார்த்துவிட்டான். "ஏ, எங்க பாப்பாடா! எந்தங்கச்சி பொண்ணுடா!" என்று கத்திக்கொண்டே, மாலையைத் தலைக்கு மேல் தூக்கியபடி சனத்தைப் பிளந்து ஓடி வந்தான். மேடையேறி, யார் என்ன சொல்லியும் கேளாமல், ஆளுயர மாலையை அவள் தலை வழியாக அப்படியே இறக்கினான். வில் சம்பங்கிக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது. 'கீ' என்று ஒரு சத்தம். மெட்டு முடிந்தது.

அந்தக் கைதட்டலில் பாவம் எதுவும் இல்லை. அண்ணன் மைக்கைப் பிடுங்கி, "அந்தக் கொழந்ததான் வளந்து இது!" என்று அறிவித்தான்.

திரும்பி வரும்போது ஒவ்வொரு ஃப்ளெக்ஸ் வரும்போதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, கழுத்தில் மாலையோடு, எட்டு வயது ஜெனிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அண்டசராசரத்தை மட்டும் விழா முடிந்தபிறகு கழற்றிக் கொடுக்கச் சொன்னாள். இப்போது அது எங்கள் அயர்லாந்து வீட்டுப் பின்கட்டில் சைக்கிளுக்கு மழை படாமல் மூடியிருக்கிறது. திண்டிவனத்துப் பேரரசியை விரித்து, பெரியப்பா வீட்டில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காயவைத்திருப்பதாக அண்ணன் படம் அனுப்பினான். அவள் செல்போனைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் படம்தான்.

6

இப்போது இங்கே தோரணம் கட்டிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. ஜெனி தானாகவே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அதே மேடை. வந்ததும் சமையல்கட்டில் நின்று, தமிழில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"மாமா வரணும். இல்லைன்னா யாரு நிறுத்துறது?"

அண்ணனுக்குப் போன் போட்டு, அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, திரும்பி வரும் டிக்கெட் என்று விசாவுக்கு வேண்டியதையெல்லாம் விளக்கினேன். அவன் எதையும் காதில் வாங்கவில்லை.

"அந்த ஊர்ல ஃப்ளெக்ஸ் கட்டறதுக்கு யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?"

"அதெல்லாம் கிடையாதுண்ணா. நீ மட்டும் வா."

"சரி, மாலையாச்சும் எட்த்துக்கினு வரலாமா?"

"பூவெல்லாம் ஏர்போர்ட்ல விடமாட்டாங்க."

"அப்ப மாலையவே ஃப்ளெக்ஸுல அடிச்சி சுருட்டிக்கினு வந்துடறேன்" என்றான். பேஜாரு தீர்ந்தது என்கிற நிம்மதி அவன் குரலில்.

விசா வருமா வராதா என்று இன்னும் தெரியவில்லை. கணவர் தினமும் கணினியைத் திறந்து பார்க்கிறார். நேற்று இரவுச் சாப்பாட்டின்போது ஜெனியிடம் மெதுவாகக் கேட்டேன், "ஒருவேளை மாமாவால வர முடியலைன்னா என்னடா பண்ணுவ?"

அவள் தோளைக் குலுக்கினாள். பழைய குலுக்கல் இல்லை.

"வாசிச்சிக்கினே இருக்க வேண்டியதுதான்" என்றாள்.